அச்சில் எடுத்த கீறல்

ஜோதி வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆனால் திருச்சி மாவட்டத்தில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அவள் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்பப் பூட்டியிருக்கிறாள். நாற்பத்து மூன்று வயது. ஸ்ரீரங்கத்தில் சாத்தார வீதியை ஒட்டிய சந்தில் வீடு. கணவர் காத்தமுத்து அங்கேயே பூ மார்க்கெட்டில் எடை போடுகிறவர். யாராவது அவளிடம் என்ன வேலை என்று கேட்டால் “டவுன்ல ஒரு கடையில கணக்கு எழுதறேன்” என்பாள். அது பொய்யில்லை.

அதற்கு முன் பத்து வருடம் துவாக்குடியில், பாய்லருக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு சிறிய பட்டறையில் தரம் பார்த்தாள். கையில் வெர்னியரை வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு துண்டையும் அளந்து, சரியென்றால் பச்சைப் புள்ளி, இல்லையென்றால் சிவப்புப் புள்ளி. ஆர்டர் குறைந்து பட்டறை மூடப்பட்ட சமயத்தில், மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடைகளுக்கு நடுவே துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் அப்துல் அஹத்துக்குப் பதிவேடு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது.

“சுடத் தெரியுமாம்மா?” என்று கேட்டார் அவர்.

“தெரியாது பாய்.”

“நல்லதாப் போச்சு. சுடத் தெரிஞ்சவனை வச்சா வேலை நடக்காது. கதைதான் நடக்கும்.”

அப்படிச் சேர்ந்தவள், ஏழு வருடத்தில் பதிவேட்டோடு நிற்காமல் கழற்றவும் பூட்டவும் கற்றுக்கொண்டாள். இரும்பு இரும்புதானே என்று நினைத்தாள்.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ, அனுமதி பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஸ்டேஷனில் கொடுத்தால் துருப்பிடிக்கும் என்று பலர் அஹத்தின் கடைக்கே வருவார்கள். பன்றி விரட்ட ஒற்றைக்குழல் வைத்திருக்கும் விவசாயிகள், வங்கிக் காவலாளிகள், நாலைந்து பெரிய மனிதர்கள். கடையின் முறை ஒன்றுதான். துப்பாக்கியை வாங்கு. கழற்றிப் பார். மூன்று இடத்தில் இருக்கும் எண்ணை லைசென்ஸ் புத்தகத்தோடு ஒப்பிடு. அட்டை கட்டிப் பெட்டகத்தில் வை. பிறகு ரசீது எழுது. ரசீதில் ஜோதி கையெழுத்துப் போடுவாள். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அஹத்திடம், ஒன்று அவளிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

பெரிய மனிதர்களில் ஒருவர் முசிறி ஜெயக்குமார். வாழைக்காய் மண்டி. அவருடைய அப்பா காலத்திலிருந்து வரும் பிஸ்டல், பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். நூறு வருடத்துக்கு முந்தைய அமைப்பு. உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு இரும்பு, ஏழு தோட்டா. ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். உலகம் முழுக்க அதைப் பார்த்து எத்தனையோ பேர் நகல் செய்திருக்கிறார்கள். சில தொழிற்சாலைகள் முறைப்படி செய்தன. சில பட்டறைகள் திருட்டுத்தனமாகச் செய்தன. அஹத்துக்கு அந்த ஒரு பிஸ்டல் மேல் தனி மரியாதை. “இதைச் செஞ்சவன் உள்பக்கத்தையும் யாரோ பாப்பாங்கன்னு நெனைச்சுச் செஞ்சிருக்கான்” என்பார்.

2024 ஜூனில், பாராளுமன்றத் தேர்தல் முடிந்து அதைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஜோதி துடைத்துக்கொண்டிருந்தபோது திருப்புளி வழுக்கியது. இடது கைப்பிடியின் கெட்டி ரப்பர் தகட்டில், திருகுக்குக் கீழே, அரிசியில் பாதி நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. சின்னக் கீறலாக இருந்தாலும் பதிவேட்டில் எழுதி, சொந்தக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது கடையின் முறை. அவள் எழுதவில்லை. எழுதியிருந்தால் அஹத் திட்டமாட்டார். ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதை அவளால் தாங்க முடியாது. ஜெயக்குமாரும் அன்று கவனிக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

இந்த வருடம் சட்டமன்றத் தேர்தலுக்கு ஒப்படைக்கும் கடைசி நாள். கடையில் நிற்க இடமில்லை. கோணியில் சுற்றிய ஒற்றைக்குழல்கள் சுவரோரம் விறகு மாதிரி சாய்ந்து நின்றன. ஜெயக்குமார் வந்து பிஸ்டலை மேஜையில் வைத்தார். ஜோதியின் கண் முதலில் போனது எண்ணுக்கு அல்ல, கீறலுக்கு. அது அங்கேயே இருந்தது. அவர் பார்த்துவிடுவாரோ என்று அவள் உடனே பிஸ்டலை இடது பக்கம் கீழே இருக்கும்படி புரட்டினாள். வெளியே தெரிந்த எண் லைசென்ஸோடு ஒத்துப்போனது. கழற்றவில்லை. அட்டையைக் கட்டி உள்ளே வைத்துவிட்டு, ‘பெல்ஜியம் பிரவுனிங், நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

புதிதாக வருகிற துப்பாக்கிகளை அவள் கழற்றிப் பார்ப்பாள். இதை அடையாளம் கண்டுகொண்டாள், அவ்வளவுதான். அடையாளம் தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். வீட்டு மனிதர்களிடமும் நாம் இதைத்தான் செய்கிறோம். ஆனால் அவர்களைப் பெற்றுக்கொண்டதாக யாரும் ரசீது எழுதிக் கொடுப்பதில்லை.

இரண்டு நாள் கழித்து அஹத் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்பினார். போகும்போது தன் சாவியையும் அவளிடம் கொடுத்தார்.

“பாய், ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருக்கக்கூடாதே.”

“பதினஞ்சு நாள்தானம்மா. உன்னைவிட அந்தப் பூட்டை நம்பினதில்லை நான்.”

அவர் போன எட்டாம் நாள். முற்பகல். பெட்டகத்தில் கிடக்கும் துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போடும் நாள். கழற்றுவதற்கு முன் சொந்தக்காரரிடம் போனில் ஒரு வார்த்தை சொல்வது வழக்கம். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதனால் ஜோதி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே கையால் வேலையை ஆரம்பித்துவிடுவாள்.

“சார், துப்பாக்கிக் கடையிலேருந்து ஜோதி. உங்க பிஸ்டலுக்கு எண்ணெய் போட்டு வச்சிடறேன்.”

மறுமுனையில் மண்டிச் சத்தம் கேட்டது.

“வேணாம்மா. அப்படியே கெடக்கட்டும். அதைத் தொடாதீங்க” என்றார் ஜெயக்குமார். போனை வைத்துவிட்டார்.

அதற்குள் அவள் ஒரு திருகைத் தளர்த்தியிருந்தாள். திரும்ப முறுக்கும்போது கட்டைவிரல் கீறலின் மேல் போனது. ஒன்றும் தடுக்கவில்லை. எண்ணெய்க் கையால் தொட்டதால் அப்படியோ என்று விரலைத் துடைத்துவிட்டு மறுபடி தடவினாள். கீறல் கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தட்டுப்படவில்லை.

இரும்போ ரப்பரோ, கூரான ஒன்று கீறினால் ஓரத்தில் பிசிறு எழும்பும். இரண்டு வருடம் ஆனாலும் ஒரு பக்கமாவது விரலை உரசும். துவாக்குடியில் முதல் வாரமே சொல்லித் தந்த பாடம். லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தாள். கீறலின் அடி வழவழவென்று உருண்டிருந்தது. மெழுகில் நகம் பதித்தது போல. இது கீறியது அல்ல. கீறலோடு இருந்த தகட்டிலிருந்து அச்சு எடுத்து, அதில் வார்த்தது. அவளுடைய தவறையும் சேர்த்து யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள்.

பிஸ்டலை முழுக்கக் கழற்றினாள். வெளியே எல்லாம் அசல் மாதிரி. எண், முத்திரை, எழுத்து. உள்ளே அரத்தின் குறுக்குக் கோடுகள். குழலில் இருக்க வேண்டிய எண் அழுத்தம் குறைவாக, ஒரு இலக்கம் சாய்ந்து இருந்தது.

கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள். வெளியே துணிக்கடைக்காரன் “வாங்கக்கா வாங்க, பார்க்கறதுக்குக் காசில்ல” என்று கூவிக்கொண்டிருந்தான். மின்விசிறி ஓடியும் முதுகு நனைந்தது. அவள் கைப்பையைத் திறந்து பார்த்தாள். ஒரே வளையத்தில் இரண்டு சாவியும் தொங்கின. எட்டு நாளாக இந்தப் பெட்டகத்தைத் திறக்க முடிந்த ஒரே ஆள் அவள். பெல்ஜியம் பிஸ்டல் உள்ளே வந்தது என்று எழுதியவளும் அவள். இப்போது உள்ளே இருப்பது கள்ளத் துப்பாக்கி. யார் மாற்றியது என்று போலீஸ் கேட்டால், கடையில் சுட்டிக்காட்ட வேறு ஆளே கிடையாது.

அஹத்துக்கு வாட்ஸ்அப்பில் பேசினாள். அவர் முழுக்கக் கேட்டார்.

“யாருகிட்டயும் சொல்லாதேம்மா. நான் வந்துடறேன். தேர்தல் முடிஞ்சா அவனே வந்து வாங்கிட்டுப் போயிடுவான். அவன் குடுத்ததை அவன்கிட்டயே குடுத்துட்டோம், முடிஞ்சு போச்சு.”

“பாய், அசல் எங்க இருக்கு?”

“அது நமக்கு எதுக்கும்மா?”

மறுநாள் பதினோரு மணிக்கு ஜெயக்குமாரே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு பூவன்பழம். அதை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பாய் இல்லையாம்மா?”

“உம்ராவுக்குப் போயிருக்காங்க சார்.”

“அடடே. நல்ல காரியம். அப்ப ரெண்டு சாவியும் உங்ககிட்டயா?”

ஜோதி பதிவேட்டை மூடினாள். அவர் சிரித்தார்.

“நேத்து சொன்னேன்ல, தொட வேணாம்னு. தொட்டீங்களா?”

“இல்ல சார்.”

“சும்மா கேட்டேன். பழைய சாமான் பாருங்க, அப்பா ஞாபகம். எப்படிக் குடுத்தேனோ அப்படியே வரணும். ரசீது என்கிட்ட பத்திரமா இருக்கு. பெல்ஜியம், நம்பரு, உங்க கையெழுத்து எல்லாம் அழகா இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் பாயைக் கேக்க மாட்டேன் தங்கச்சி. வயசானவரு. உங்களைத்தான் கேப்பேன்.” எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டியபடி திரும்பினார். “வீட்டுக்காரரு சாத்தார வீதியில பூ எடை போடுறாராமே? காலையில பாத்தேன். நல்ல மனுஷன். அரைக் கிலோ மல்லிக்கு ஒரு கை கூடவே போட்டாரு.”

அவர் போன பிறகும் அவள் கை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பழத்தை எடுத்து எறியவும் பயமாக இருந்தது, வைத்திருக்கவும் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து காத்தமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் பேசினால் மாமியார் காதில் விழும். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“காலையில ஒருத்தன் வந்து பூ வாங்கினான்” என்றார் காத்தமுத்து. “என் பேரு, ஊரு எல்லாம் விசாரிச்சான். பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி.”

“சிரிக்காதீங்க.”

“சிரிக்கலைடி. எனக்கும் பயமா இருக்கு. அதான் பேசறேன்.” ஆற்றைப் பார்த்தபடி, “பாய் சொல்றதைக் கேளு. இன்னும் ஒரு மாசம். அவன் பொருளை அவன் வாங்கிட்டுப் போறான். உனக்கு என்ன?” என்றார்.

“அவன் ஏன் நகலைக் குடுத்தான்னு யோசிச்சீங்களா? அசலு அவன்கிட்டயே இருக்கணும். எலெக்‌ஷன் நேரத்துல கையில இல்லாம இருக்க அவனுக்குப் பயம். யாரு மேலயோ பகை.”

“இருந்துட்டுப் போகட்டும்.”

“அவன் அதால யாரையாவது சுட்டான்னா? குண்டை எடுத்துப் பாப்பாங்க. எந்தத் துப்பாக்கின்னு தேடுவாங்க. அந்தத் துப்பாக்கி அந்த நேரத்துல எங்க பெட்டகத்துல பூட்டியிருந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கேன் நான். அவனுக்கு என் கையெழுத்துதாங்க சாட்சி.”

காத்தமுத்து ஒரு சிறு கல்லை எடுத்து, எறியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அப்ப சொன்னாலும் மாட்டுவே. சொல்லாட்டியும் மாட்டுவே.”

“சொல்லாம இருந்தா எப்ப மாட்டுவேன்னு தெரியாதுங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல.”

அவள் மறுநாள் போலீஸுக்குப் போனதைத் துணிச்சல் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இரண்டு பயங்களில், நாள் தெரிந்த பயத்தை அவள் எடுத்துக்கொண்டாள். மனிதர்கள் செய்கிற நல்ல காரியங்களில் பல இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. அதனால் அவை குறைந்துவிடுவதில்லை. ஆனால் கூட்டிச் சொல்லவும் அவசியமில்லை.

இன்ஸ்பெக்டர் பானுமதிக்கு ஐம்பது வயதிருக்கும். தேர்தல் வேலையில் தூக்கம் கெட்ட முகம். ஜோதி சொல்வதை இடைமறிக்காமல் கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

“நீங்க சொல்ற ஒவ்வொண்ணும் உங்களுக்கே எதிரா இருக்கு. தெரியுதா?”

“தெரியுது மேடம்.”

“சாவி ரெண்டும் உங்ககிட்ட. ரசீது உங்களது. வாங்கும்போது கழட்டிப் பாக்கணும்னு உங்க கடையிலேயே முறை இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. ஏன் பாக்கலை? கூட்டமா?”

கூட்டம் என்று சொல்லியிருக்கலாம். அன்று கூட்டம் இருந்ததும் உண்மை. ஜோதி கீறலைப் பற்றிச் சொன்னாள். தன் திருப்புளி வழுக்கியது, எழுதாமல் விட்டது, அவர் பார்த்துவிடக் கூடாதென்று அவசரமாகப் புரட்டியது எல்லாம். சொல்லும்போது கன்னம் சூடேறியது. கள்ளத் துப்பாக்கி பற்றிப் பேசியபோதுகூட அப்படி ஏறவில்லை.

“அந்தக் கீறல் இந்த நகல்லயும் இருக்கு மேடம். நான் கீறினது போன எலெக்‌ஷன் முடிஞ்சு, அவருகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி. அச்சு எடுத்தது அதுக்கப்புறம். அப்ப பிஸ்டல் அவரு வீட்டுல இருந்துச்சு. இந்த ஒரு வாரத்துல ஒரு முழு பிஸ்டலை யாரும் செஞ்சு முடிக்க முடியாது.”

“கீறினதுக்குச் சாட்சி?”

“நான்தான் மேடம்.”

பானுமதி மூடிய பேனாவைத் திறந்தார். “உங்க பேருல கேஸ் போடறதுக்கும், உங்களைச் சாட்சியா வைக்கறதுக்கும் நடுவுல ஒரு முடி அளவுதாம்மா இடம் இருக்கு. அங்க போய் உட்காருங்க.”

சாயங்காலம் வரை அவள் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவரில் காணாமல் போனவர்களின் படங்கள். கடையைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டு வந்த ஏட்டு, நகலை ஒரு துணிப் பையில் போட்டு மேஜையில் வைத்தார். ஆறு மணிக்கு முசிறியிலிருந்து போன் வந்தது. பானுமதி சொன்னபடி காவிரிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஜெயக்குமாரின் காரை நிறுத்தியிருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இன்னொரு பிஸ்டல். அதே எண். அதே கீறல்.

அதோடு முடியவில்லை. ஜெயக்குமார் கலங்காமல் சொன்னாராம்: “கார்ல இருந்தது நகலு. அலமாரியில அழகுக்கு வைக்க வாங்கினேன், அது சுடாது. அசலைச் சட்டப்படி கடையில குடுத்துட்டேன். கடைக்காரி ஏதோ உளறுது.”

மறுநாள் காலை பானுமதி ஆயுதப்படையிலிருந்து துப்பாக்கி பழுதுபார்க்கும் ஏட்டு சவரிராயனை வரவழைத்தார். “லேபுக்கு அனுப்பினா ரிப்போர்ட் வர ஆறு மாசம். அதுவரைக்கும் இந்த ரெண்டு பேரையும் நான் எங்க வச்சுக்கறது? நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.”

சவரிராயன் ஒல்லியான மனிதர். இரண்டு பிஸ்டலையும் தனியறைக்கு எடுத்துப்போய் அரை மணி நேரம் கழித்து வந்தார். இரண்டிலிருந்தும் கைப்பிடித் தகடுகளைக் கழற்றியிருந்தார். எண் இருக்கும் இடங்களில் காகித நாடா ஒட்டியிருந்தார்.

“நான் பாத்துட்டேன்” என்றார் இன்ஸ்பெக்டரிடம். “ஆனா அந்த அம்மா சொல்லட்டும். கீறலை வச்சுச் சொல்லக்கூடாது. அதை ரெண்டுலயும் அவங்களே கீறியிருக்கலாம். இரும்பை வச்சுச் சொல்லட்டும். தப்பாச் சொன்னா, இத்தனை நாளா கையில வச்சிருந்தவங்களுக்கே தெரியலைன்னு எழுதிடலாம்.”

ஜெயக்குமார் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “சொல்லட்டும், சொல்லட்டும்” என்றார். “எனக்கே தெரியாது எது எதுன்னு. அந்தம்மாவுக்குத் தெரியுதான்னு பாப்போம்.”

மேஜையில் இரண்டு பிஸ்டல்கள். ஜோதி நின்றுகொண்டே பார்த்தாள். தகடு இல்லாமல் இரண்டும் எலும்பு தெரிகிற பிராணிகள் போல இருந்தன. வலது பக்கத்தது கறுப்பு ஆழமாக, விளிம்புகள் கூராக, அழகாக இருந்தது. இடது பக்கத்தது அங்கங்கே வெளுத்து, முனைகள் மழுங்கியிருந்தது. மனம் உடனே வலதைக் காட்டியது. பெல்ஜியம் என்றால் அப்படித்தானே இருக்கும். அடுத்த நொடி மனம் இடதைக் காட்டியது. பழையது என்றால் வெளுத்திருக்கும். பிறகு, வெளுக்க வைப்பதும் ஒரு வேலைதான், அதையும் செய்யத் தெரிந்தவன் செய்திருப்பான் என்று தோன்றியது. மூன்று நாள் முன்பு கடை மேஜையில் கழற்றிப் பார்த்தது எது? ஞாபகம் வரவில்லை. பயத்தில் எல்லாமே ஒரே கறுப்பாகத் தெரிந்தது.

“என்னம்மா?” என்றார் பானுமதி.

“டார்ச்சும் லென்ஸும் வேணும் மேடம். அப்புறம், கொஞ்ச நேரம்.”

அவள் உட்கார்ந்தாள். எது என்று கேட்பதை நிறுத்தினாள். துவாக்குடியில் ஒரு துண்டு யார் செய்தது என்று யாரும் கேட்டதில்லை. அளவு என்ன என்றுதான் கேட்பார்கள். இடதை எடுத்து மேல்மூடியைக் கழற்றினாள். உள்பக்கம் வெட்டுக் கருவியின் கோடுகள், ஒரே திசையில், சீப்பால் வாரியது போல. வலதில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அது போதாது என்று அவளுக்குத் தெரியும். பழைய துப்பாக்கியையும் எவனாவது நடுவில் அரம் போட்டிருக்கலாம்.

பிறகு விசையோடு சேர்ந்து உரசுகிற ஒரு சின்னக் கொக்கியைப் பார்த்தாள். இடதில் அதன் ஒரு மூலை தேய்ந்து பள்ளமாகியிருந்தது. வலதிலும் அதே மூலையில், அதே பள்ளம். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி நாலு தடவை பார்த்தாள். ஜெயக்குமார் தொண்டையைச் செருமினார்.

சவரிராயனிடம் லென்ஸை நீட்டினாள். “ஐயா, ரெண்டு கொக்கியும் தேஞ்சிருக்கு. ஒரே இடத்துல. ஆனா தேயணும்னா அதை எதாவது தேய்க்கணும். இதுல பாருங்க, கொக்கி மோதுற எதிர்ப்பக்கமும் அதே அளவுக்குப் பளபளன்னு தேஞ்சிருக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுருக்கு. அதுல கொக்கியில பள்ளம் இருக்கு, எதிர்ப்பக்கம் புதுசா இருக்கு. எது மேலயும் உரசாம அது எப்படித் தேஞ்சுச்சு? பழசைப் பாத்து வார்த்தவன், கொக்கி தேஞ்சதையும் வடிவம்னு நெனைச்சு வார்த்துட்டான், எதிர்ப்பக்கத்தைப் புதுசா அரத்தால செஞ்சுட்டான்.” இடது பிஸ்டலைத் தொட்டாள். “இதுதான் அசல்.”

சவரிராயன் குனிந்து டார்ச்சை வாங்கிப் பார்த்தார். அவர் அரை மணி நேரம் தனியறையில் பார்த்தபோது இதைப் பார்த்திருந்தாரா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. இரண்டாவது பிஸ்டலையும் பார்த்தார். பிறகு இடது பிஸ்டலின் குழலில் ஒட்டியிருந்த காகித நாடாவை மெதுவாக உரித்தார். எண் ஆழமாக, நேராக இருந்தது. ஓரத்தில் பெல்ஜியத்துச் சோதனை முத்திரை.

“இது கார்ல இருந்தது மேடம்” என்றார்.

ஜெயக்குமார் எழுந்தார். “மேடம், அந்தம்மா சொல்றதை வச்சு...”

“உட்காருங்க” என்றார் பானுமதி. “சுடாத நகலைத்தானே சீட்டுக்கு அடியில வச்சிருந்தேன்னு சொன்னீங்க? உட்காருங்க.”

ஜெயக்குமார் ஜோதியைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் போடும் பார்வை. முசிறிக்கும் சாத்தார வீதிக்கும் எத்தனை தூரம் என்று அளப்பது போல. ஜோதி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இனி இந்த மனிதரின் வழக்கில் தன் பெயர் வருடக்கணக்காகக் கூப்பிடப்படும் என்றுதான் தோன்றியது.

அவர் உள்ளே அழைத்துப்போகப்பட்டதும் பானுமதி ஒரு டீ வரவழைத்து அவளிடம் தள்ளினார்.

“குடிங்க. உங்க பேரு சாட்சிப் பட்டியல்ல போகும். தெருப் பக்கம் ரோந்துக்குச் சொல்லிடறேன், வீட்டுக்காரரையும் கொஞ்ச நாளைக்குத் தனியா போக வேணாம்னு சொல்லுங்க. கடை லைசென்ஸுக்கு நோட்டீஸ் வரும், அதை உங்க பாய் பாத்துக்கட்டும்.” பதிவேட்டைப் புரட்டினார். “ஒண்ணு கேக்கணும். இந்தத் தடவை உங்க பெட்டகத்துக்கு வந்தது மொத்தம் முப்பத்தொன்பது. இதை எடுத்தாச்சு. மிச்சம் முப்பத்தெட்டு. அதுல எத்தனையைக் கழட்டிப் பாத்து வாங்கினீங்க?”

டீ டம்ளர் ஜோதியின் கையில் நின்றது. கடைசி நாள் கூட்டத்தை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். லால்குடி பெரியவர், தோளில் கோணி. வங்கிக் காவலாளி, அவசரம் அவசரம் என்றவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறவர்கள். முகம் தெரியும். துப்பாக்கியும் தெரியும். தெரியும் என்பதாலேயே எத்தனை முறை மூடியைத் திறக்காமல் அட்டை கட்டினாள்?

“சரியாச் சொல்ல முடியல மேடம்.”

“அப்ப வாங்க” என்று பானுமதி எழுந்து தொப்பியை எடுத்தார். “சவரிராயன் சார், நீங்களும் வாங்க. சீலை உடைச்சு எல்லாத்தையும் பாத்துடலாம்.”

ஜீப் மலைக்கோட்டைக் கடைவீதிக்குள் நுழைய முடியாமல், மூவரும் இறங்கி நடந்தார்கள். நகைக்கடை வாசலில் நின்றவர்கள் போலீஸையும் ஜோதியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஷட்டர் மேலே போனது. இரண்டு சாவியையும் பானுமதியே வாங்கித் திருப்பினார். ஜோதி முதல் அட்டையைப் படித்தாள். லால்குடிக்காரரின் ஒற்றைக்குழல். வெளியே பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. எப்போதும் வருகிற அதே துப்பாக்கிதான் என்று மனம் சொன்னது. அவள் அதை மேஜையில் கிடத்தி, குழலைப் பிடித்திருக்கும் பூட்டைத் தளர்த்தினாள். விரல்கள் நழுவின. சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள்.

“நிதானமாப் பாருங்கம்மா” என்றார் சவரிராயன், டார்ச்சைப் பிடித்தபடி.